வானம் பார்த்த பூமி

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலத்துப் பக்கம் விரிந்து கிடக்கும் சமவெளியை சர்க்கார் கணக்கில் நஞ்சை, புஞ்சை, மானாவாரி என்று பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்குப் பிள்ளைக்கு அது போதும். அந்த மண்ணில் ஏர் பிடிக்கிறவனைக் கேட்டால், "வானம் பார்த்த பூமிங்க" என்று ஒரே பேச்சில் முடித்து விடுவான். பூமி மல்லாந்து படுத்துக் கொண்டு மேலேயே பார்த்துக் கொண்டிருக்கிறது என்று முதன்முதலாகச் சொன்னவன் யாரோ தெரியாது. பெயர் தெரியாத அந்தக் குடியானவனுக்கு நான் தலை வணங்குகிறேன்.

1942-ஆம் வருஷம் இந்தச் சொல்லுக்கு இரண்டாவது அர்த்தம் ஒன்று ஏற்பட்டது. அந்த வருஷந்தான் ராயல் ஏர் ஃபோர்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானப் படை மதுரைக்குத் தெற்கே வந்து இறங்கியது. பெருங்குடிக்குப் பக்கத்தில் இன்று இருக்கும் விமான நிலையத்தின் பூர்வோத்திரம் அதுதான். கொழும்புக்கும் துபாய்க்கும் பெட்டி படுக்கையோடு போகிறவர்கள் யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டுமென்று கட்டாயமும் இல்லை. ஆனால் அந்த நாள் முதல் இந்தச் சீமையின் மனிதர்கள் இரண்டு காரியங்களுக்காக அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஒன்று மேகம், மற்றொன்று விமானம்.

இந்த இரண்டையும் சேர்த்து எழுதிய சரித்திரம் என் கண்ணில் பட்டதில்லை. யுத்த சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு எங்கள் ஊர் மழையைப் பற்றி அக்கறை கிடையாது. மழைக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு விமானத்தைப் பற்றிக் கவலை கிடையாது. நானோ கதை எழுதிப் பிழைக்கிறவன். இரண்டு வீட்டிலும் புகுந்து கை வைக்கலாம் அல்லவா?

முதலில் யுத்தத்தின் வீட்டுக்குப் போவோம்.

ஆகாயத்தைப் பார்ப்பது உயிருக்கு ஆபத்தான காரியம் என்ற செய்தி தென்பாண்டிச் சீமைக்குக் கடல் கடந்து வந்தது. அந்தக் காலத்தில் ராமநாதபுரம் ஜில்லாவிலும் மதுரை ஜில்லாவிலும் பினாங்கு, ரங்கூன் என்ற பெயர்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் போலப் புழங்கின. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களே பர்மாவிலிருந்து வந்தவை. 1941 டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் பினாங்குக்கு மேலே வந்தபோது ஜார்ஜ் டவுன் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வீதியில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அத்தனை விமானங்கள் அணிவகுத்துப் பறப்பதை அதற்கு முன் அவர்கள் பார்த்ததில்லை. குண்டு விழும் வரை அது திருவிழாதான். பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 23-ஆம் தேதி, ரங்கூனிலும் அதே கதை நடந்தது. பட்டப் பகலில் வானத்தில் நடந்த சண்டையைக் காணத் தெருவில் கூடிய கூட்டத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. அன்று மாண்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். அந்த நகரத்து ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்பது 1931-ஆம் வருஷத்து ஜனக் கணக்கு. ஆகவே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் கடை வைத்திருந்தவர்களும் வட்டிக்கடைக் கணக்கர்களும் எந்த ஊர்க்காரர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு லட்சக்கணக்கானவர்கள் பர்மாவிலிருந்து கால்நடையாகக் கிளம்பினார்கள். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் மலையும் காடும் கடந்து வந்து சேர்ந்தவர்கள் கொண்டு வந்த சொத்து என்ன? உடுத்திய துணியும் ஒரு பயமும். மேலே உறுமல் கேட்டால் கீழே படு என்ற பயம். வானத்தில் உறுமல் கேட்டால் விதை நெல்லை வெளியே எடுக்கும் பழக்கமுள்ள கிராமங்களுக்கு அந்தப் பயம் வந்து சேர்ந்தது. நல்ல வேளையாக இங்கே அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. மதுரையின் மேல் ஜப்பான்காரன் குண்டு போடவில்லை.

ஆனால் அருகில் வந்தான். 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி மாலை, இலங்கைக்குத் தென்கிழக்கே நடுக்கடலில் ஒரு காட்டலீனா விமானத்தை ஓட்டிக் கொண்டிருந்தார் லியோனார்டு பிர்ச்சல் என்ற கனடா நாட்டு அதிகாரி. திரும்ப வேண்டிய நேரத்தில் தொடுவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. கிட்டே போய்ப் பார்த்தார். பெர்ல் துறைமுகத்தைச் சூறையாடிய அதே நகுமோவின் கப்பற்படை. கம்பியில்லாத் தந்தியில் செய்தியைத் தட்டி முடிப்பதற்குள் அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்தி விட்டார்கள். மனிதர் உயிர் பிழைத்து யுத்தம் முடியும் வரை ஜப்பானில் கைதியாக இருந்தார். அவருடைய செய்தி கிடைத்த மறுநாள், ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, கொழும்பு அடிபட்டது. 6-ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் அடிபட்டன. 9-ஆம் தேதி திரிகோணமலை. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கியது. தேசப் படத்தை எடுத்து ஒரு நூலை வைத்து அளந்து பாருங்கள். கொழும்பும் திரிகோணமலையும் மதுரையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். வான் வழியில் 250 மைலுக்குள்.

சென்னைப் பட்டணம் அந்த ஏப்ரலில் பட்ட பாட்டைப் பலர் எழுதியிருக்கிறார்கள். சர்க்கார் அலுவலகங்கள் ஊர் ஊராகப் பிரிந்து போயின. ஹைகோர்ட்டு கோயமுத்தூருக்குப் போயிற்று. மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று. ஜனங்கள் கிடைத்த ரயிலில் ஏறித் தெற்கே வந்தார்கள். ஜப்பானியக் கப்பற்படை சென்னைப் பக்கம் வரவேயில்லை. 1914 செப்டம்பரில் ஜெர்மானிய எம்டன் கப்பல் வந்து சென்னை மேல் சில குண்டுகளை வீசிவிட்டுப் போனது. அந்தப் பெயர் இன்றைக்கும் தமிழில் உயிரோடு இருக்கிறது. பொல்லாத பிள்ளையை "எம்டன்" என்கிறோம். 1942-ன் பீதி நமக்கு அப்படி ஒரு சொல்லைக் கூடத் தந்துவிட்டுப் போகவில்லை. "ஏ.ஆர்.பி." என்று கொஞ்ச காலம் ஊரெல்லாம் பேசினார்கள். இன்று அதற்கு விரிவு கேட்டால் பத்துப் பேரில் ஒருவர் சொல்வது கஷ்டம்.

பீதி போன பிறகும் விமானத் தளங்கள் நின்றன. உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம், அரக்கோணம், தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு, சூலூர் என்று தமிழ்நாடு முழுவதும் பொட்டல் கிடைத்த இடத்தில் எல்லாம் பாதை போட்டார்கள். திருச்சியில் 1942 டிசம்பர் 1-ஆம் தேதி இந்திய விமானப் படையின் எட்டாவது ஸ்குவாட்ரன் தோன்றியது. 'வெஞ்சன்ஸ்' என்ற குண்டு வீச்சு விமானங்கள் அதன் கையில். அந்த வார்த்தைக்குப் பழி வாங்குதல் என்று பொருள். திருச்சி மலைக்கோட்டைப் பிள்ளையார் அதைக் கேட்டு என்ன நினைத்தாரோ!

பெயர் என்றதும் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. பிரிட்டிஷ் கடற்படைக்குத் தன் விமானத் தளங்களைப் பறவைப் பெயரால் அழைக்கும் வழக்கம் உண்டு. யுத்தத்தின் பிற்பகுதியில் அவர்கள் இந்தப் பக்கம் தளங்கள் அமைத்தபோது இங்கிலீஷ் பறவைகளைத் தேடவில்லை. சூலூர்த் தளத்துக்கு 'வைரி' என்று பெயர். தாம்பரத்துக்கு 'வல்லூறு'. கொச்சிக்குக் 'கழுகு'. கோயமுத்தூருக்குக் 'கருடன்'. இலங்கைப் புத்தளத்தில் 'ராஜாளி'. இங்கிலீஷ் எழுத்தில் அவற்றைப் படித்து வாய் திருகிப் போன சிப்பாய்களின் கதி எப்படியோ போகட்டும். கோழிக் குஞ்சைத் தூக்கிப் போகும் வைரியை நம் கிழவிகள் அண்ணாந்து பார்த்துத் திட்டுகிறார்களே, அந்தத் திட்டுக்குரிய பட்டியல் அப்படியே லண்டன் கடற்படைக் காரியாலயத்தின் கோப்பில் ஏறியிருக்கிறது. சுதந்திர இந்தியாவின் கடற்படையும் அந்த வழக்கத்தை விடவில்லை. அரக்கோணத்தில் இருப்பது 'ராஜாளி'. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் உச்சிப்புளியில் இருப்பது 'பருந்து'.

இனி மழையின் வீட்டுக்கு வருவோம்.

விமானத் தளம் போட இந்தச் சமவெளி ஏன் பிடித்தது? யுத்தகளம் இலங்கைக்கும் வங்கக் கடலுக்கும் அருகே இருந்தது என்பது ஒரு காரணம். மேடு பள்ளம் இல்லாத பொட்டல் என்பது இன்னொன்று. இவற்றோடு மூன்றாவதாக ஒன்று உண்டு என்பது என் எண்ணம். இந்தியாவின் பெரும் பகுதியை நாலு மாதம் நனைத்து விமானத்தை முடக்கிப் போடும் தென்மேற்குப் பருவ மழை இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே பிழிந்து கொண்டு சக்கையை இந்தப் பக்கம் அனுப்புகிறது. கேரளத்துக்கு வருஷத்தில் சராசரி 3,000 மில்லிமீட்டர் மழை. மதுரைக்கு 850-க்கு முன்பின். அதிலும் பெரும் பங்கு புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையில் வந்து விடும். பர்மாப் போர்முனையில் விமானப் படையார் தளங்களை இரண்டு ஜாதியாகப் பிரித்தார்கள்: நல்ல காலத்துத் தளம், எந்தக் காலத்துத் தளம் என்று. மழை வந்தால் முதல் ஜாதி சேறு. எங்கள் ஊரில் ஆனி, ஆடி, ஆவணி முழுவதும் நல்ல காலம், விமானிக்கு.

குடியானவனுக்கு? அதே நீல வானம், அதே வெயில், ஒரு பொட்டு மேகம் இல்லை. அவன் பஞ்சம் என்கிறான். விமானி பிரமாதம் என்கிறான். ஒரே ஆகாயத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டால் இரண்டு வேறு தேசம் என்று தோன்றும்.

இந்த வித்தியாசத்தை நான் தினந்தோறும் பார்க்கிறேன். எங்கள் கிராமத்து வீடு விமான நிலையத்துக்கு மேற்கே இருக்கிறது. இன்றைய ஓடுபாதை நேர் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதன் ஒரு முனையில் 09 என்றும் மறு முனையில் 27 என்றும் எழுதியிருப்பார்கள். திசைமானியில் 90 பாகை கிழக்கு, 270 பாகை மேற்கு. கடைசிச் சுழியை விட்டு விடுவது அவர்கள் வழக்கம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏற வேண்டும், எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். தமிழன் நாலு திசைக் காற்றுக்கும் நாலு பெயர் வைத்தான்: கிழக்கே இருந்து வருவது கொண்டல், மேற்கே இருந்து கோடை, வடக்கே இருந்து வாடை, தெற்கே இருந்து தென்றல். ஓடுபாதையின் ஒரு முனையில் கொண்டல் என்றும் மறு முனையில் கோடை என்றும் எழுதி வைத்தாலும் விமானிக்கு ஒன்றும் குறைந்து விடாது. தென்றலுக்கும் வாடைக்கும் அங்கே இடமில்லை. அவை கவிகளுக்கு.

ஆகவே ஆடி மாதத்தில், புழுதியை வாரி அடிக்கும் மேல்காற்றை எதிர்த்துக் கிளம்பும் விமானங்கள் எங்கள் ஓட்டுக் கூரைக்கு மேலே மூக்கைத் தூக்கிக் கொண்டு ஏறிப் போகின்றன. ஐப்பசி பிறந்து கீழ்காற்று திரும்பியதும் அவை மேற்கே சுற்றி வந்து, எங்கள் புளிய மரத்தைத் தொட்டுவிடுவது போல இறங்கிப் போகின்றன. வீட்டுக்குள் இருந்தபடியே சத்தத்தை வைத்துக் காற்று மாறியதைச் சொல்லி விடலாம். இந்தக் கண்டுபிடிப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வமே ஏற்பட்டது. கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த கீதாரியிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணே, பிளேன் இறங்கிப் போனால் கீழ்காற்று, ஏறிப் போனால் மேல்காற்று. கவனித்திருக்கிறீர்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காத்தைத் தெரிஞ்சுக்கிறதுக்கு பிளேனு எதுக்குங்கய்யா? எங்க ஆட்டைப் பாருங்க. காத்து மழைன்னா முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நிக்கும்" என்றார். சற்றுப் பொறுத்து, "பிளேனுக்குப் பெட்ரோல் வேற போடணும்" என்று சேர்த்துக் கொண்டார்.

அவருடைய ஆடுகள் காற்றைப் பற்றிச் சொல்வதை எந்த சர்க்காரும் தடை செய்ய முடியாது. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. யுத்தத்தின் போது வானிலைச் செய்தியே ராணுவ ரகசியமாகி விட்டது. நாளைக்கு எங்கே மழை, எங்கே மேகம், எங்கே தெளிந்த வானம் என்று பத்திரிகையிலோ ரேடியோவிலோ சொன்னால் எதிரியின் குண்டு விமானத்துக்கு வழி சொன்னது போல் ஆகும். லண்டன் பி.பி.சி. 1939 செப்டம்பரில் வானிலை அறிக்கையை நிறுத்திற்று. 1945-ல் ஐரோப்பாவில் யுத்தம் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தது. இந்தியாவிலும் வானிலை இலாகாவின் உழைப்பு விமானப் படைக்குப் போயிற்று, ஜனங்களுக்கு வாய்ப்பூட்டு. 1875-ல் ஏற்பட்ட இலாகா அது. அதன் தலைமை அலுவலகமே 1944-ல் பூனாவை விட்டு டில்லிக்கு மாறியது.

ரகசியத்தின் விலை எவ்வளவு? வங்காளத்து மிட்னாப்பூர் ஜில்லாவில் 1942 அக்டோபர் 16-ஆம் தேதி ஒரு புயல் அடித்தது. கடல் ஊருக்குள் புகுந்தது. சர்க்கார் கணக்கிலேயே 14,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நடந்து முடிந்த அந்தச் செய்தியைக் கூடப் பல நாள் பத்திரிகையில் வர விடவில்லை. பக்கத்து ஜில்லாக்காரன் அரிசி அனுப்ப வேண்டுமென்றால் முதலில் அவனுக்குத் தெரிய வேண்டாமா? மறு வருஷம் வங்காளப் பஞ்சம் வந்தது. பஞ்சத்துக்குப் புயல் மட்டும் காரணமல்ல என்பது எனக்குத் தெரியும். பர்மா அரிசி நின்றது, படகுகளைப் பறித்தது, விலை ஏறியது, பதுக்கியது எல்லாம் காரணம். ஆனால் வானத்தை ஒளித்து வைக்கிற சர்க்கார் வயிற்றையும் ஒளித்து வைக்கும் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

மதுரைச் சீமைக்காரனுக்கு ஒரு அனுகூலம் இருந்தது. அவன் எந்த இலாகாவையும் நம்பிக் கொண்டிருந்ததில்லை. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் பதினாலு நாளும் கிராமத்துப் பெரியவர்கள் மேகத்தைக் கணக்கெடுப்பார்கள். கர்ப்போட்டம் என்று அதற்குப் பெயர். அந்த நாட்களில் மேகம் கருக்கொண்டால் அடுத்த வருஷம் அதற்குரிய நாட்களில் மழை பிறக்கும் என்பது கணக்கு. பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் மழை இத்தனை மரக்கால் என்று போட்டிருக்கும். சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகர் பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் நாடு செழிக்கும் என்று லட்சம் பேர் கண்ணால் பார்த்துத் தெரிந்து கொள்வார்கள். கர்ப்போட்டத்துக்குத் தணிக்கை அதிகாரி கிடையாது. அழகரின் பட்டை ராணுவ ரகசியமாக்க எந்தக் கவர்னருக்குத் தைரியம் வரும்?

இவையெல்லாம் பலிக்கின்றனவா என்று கேட்பீர்கள். சில வருஷம் பலிக்கும், சில வருஷம் பலிக்காது. பலிக்காத வருஷங்களில் மிகக் கொடியது 1876-ல் பிறந்த தாது வருஷம். தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை ராஜதானி முழுவதும் லட்சோபலட்சம் பேர் செத்தார்கள். மதுரையும் தப்பவில்லை. அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு வெள்ளைக்கார விஞ்ஞானிகளுக்கு ஒரு யோசனை உதித்தது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் இந்தியாவில் மழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்கலாம். சூரியனை நாள் தவறாமல் பார்த்து வந்தால் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லி விடலாம். அந்த ஆசையின் பலன்தான் 1899-ல் கொடைக்கானலில் ஏற்பட்ட வான ஆராய்ச்சி நிலையம். மழை கழுவிய நாட்களில் எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் வடமேற்கே நீல மதில் போலத் தெரிகிற அதே பழனிமலைத் தொடரில்தான் அது இருக்கிறது.

ஆக, கீழே கர்ப்போட்டம் பார்த்த கிழவரும் மேலே தொலைநோக்கி வைத்த துரையும் ஒரே தொழிலில் இருந்தார்கள் என்று சொல்லலாம். மழையைப் பற்றி அந்த நிலையம் ஜோசியம் சொல்ல முடியாமல் போயிற்று. ஆனால் 1909-ல் எவர்ஷெட் என்பவர் அங்கே சூரியப் புள்ளிகளில் வாயு எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றார். பஞ்சத்தில் செத்தவர்கள் பேரால் ஏற்பட்ட நிலையம் சூரியனுடைய ஜாதகத்தை எழுதிற்று. இதில் எனக்கு வருத்தமில்லை. அறிவு என்பது வைகை வெள்ளம் மாதிரி; நாம் வெட்டிய வாய்க்காலில்தான் வர வேண்டும் என்று அது ஒப்பந்தம் எழுதித் தரவில்லை.

யுத்தமும் அப்படித்தான் செய்தது. விமானம் உயரப் பறக்கப் பறக்க, உயரத்துக் காற்றைப் பற்றித் தெரிந்தாக வேண்டிய அவசியம் வந்தது. ஹைட்ரஜன் அடைத்த பலூன்களைப் பறக்க விட்டுக் கீழிருந்து கருவியால் பின்தொடர்ந்து பார்த்தார்கள். எதிரி விமானத்தைக் காண வைத்த ராடாரில் மழையும் தெரிந்து தொல்லை கொடுத்தது. யுத்தம் முடிந்ததும் அந்தத் தொல்லையே ஒரு வித்தையாயிற்று. இன்று புயலைக் கண்காணிக்கும் ராடார்கள் அதன் வாரிசுகள். 1958-ல் கோட்டீஸ்வரம் என்ற நம் வானிலை இலாகா விஞ்ஞானி ஒரு அதிசயத்தை எழுதி வெளியிட்டார். தென்மேற்குப் பருவக் காலத்தில் தரையோடு மேல்காற்று அடிக்கிறதே, அதற்கு வெகு உயரே, ஒன்பது பத்து மைலுக்கு மேலே, நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஆறு போல ஓடுகிறது என்று.

இதை நீங்கள் எந்தக் கருவியும் இல்லாமல் பார்க்கலாம். ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மல்லாந்து படுத்துக் கொள்ளுங்கள். கீழே தவழும் பஞ்சுப் பொதிகள் மலைப் பக்கமிருந்து கிழக்கே ஓடும். அவற்றின் இடுக்கு வழியாக மிக உயரத்தில் கோழி இறகு போன்ற மெல்லிய மேகங்கள் தெரியும். ஒரு ஓலை நுனியை அடையாளம் வைத்துக் கொண்டு பொறுமையாகப் பார்த்தால், அவை மெள்ள மேற்கே நகர்வது புலப்படும். ஒரே வானத்தில் இரண்டு போக்கு. நான் பார்த்த முதல் நாள் கண் மயக்கம் என்றுதான் நினைத்தேன்.

சென்னையில் 1943 அக்டோபரில் நடந்ததையும் இங்கே சொல்லி விட வேண்டும். முந்தின வருஷம் குண்டு வரும் என்று ஊரே காலி செய்து ஓடியது, ஒன்றும் வரவில்லை. அந்த அக்டோபரில் மழை கொட்டித் தீர்த்தது. கூவம் கரை புரண்டது. வெள்ளத்தோடு மன்றாடிய அதே மாதத்தில் ஒரு நாள் இரவு ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போயிற்று. வராத விமானத்துக்கு ஓடிய பட்டணம் வந்த விமானத்துக்கு ஓடவில்லை. அண்ணாந்து பார்க்க நேரமில்லை. முழங்கால் மட்டும் தண்ணீர்.

எது பெரிய எதிரி என்று பட்டணத்து ஜனங்கள் அன்று சரியாகத்தான் எடை போட்டார்கள். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போயிற்று. பாம்பனிலிருந்து போன ரயில் வண்டி பிரயாணிகளோடு மறைந்தது. அது யுத்தம் எதுவும் செய்யாத காரியம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் நடுவே கரையேறித் திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல் மலை மேல் ஏறிப் போன போது, அதன் பாதை பல நாள் முன்னதாகவே எங்கள் ஊர் டீக்கடையில் கூடத் தெரிந்திருந்தது. மரங்கள் போயின; தென்னந்தோப்புகள் போயின; மனிதர்களும் மாண்டார்கள். ஆனாலும் கரையோரத்தில் ஆயிரக்கணக்கானவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்த முடிந்தது. வானத்தைத் தெரிந்து கொள்வது ரகசியமாக இல்லாமல் இருந்ததனால் முடிந்தது.

யுத்தத் தளங்களின் கதை பலவிதமாக முடிந்தது. உளுந்தூர்ப்பேட்டைப் பாதை பாழாய்க் கிடந்தது. சோழவரத்தில் வெகு காலம் மோட்டார்ப் பந்தயம் நடத்தினார்கள். செட்டிநாட்டுப் பாதை கால்நடைப் பண்ணைக்குள் அகப்பட்டுக் கொண்டது. தஞ்சாவூர் மட்டும் மறுபடி விழித்துக் கொண்டது. 2020 ஜனவரி 20-ஆம் தேதி சுகோய் போர் விமானங்களின் ஸ்குவாட்ரன் ஒன்று அங்கே குடியேறியது. எங்கள் பக்கம் எப்போதாவது போர் விமானம் போவதுண்டு. சத்தம் வந்து சேர்வதற்குள் உருவம் எங்கேயோ போயிருக்கும். கொக்குகள் கண்மாயை விட்டுக் கிளம்பி ஒரு வட்டம் போட்டுத் திரும்ப உட்காரும். அருப்புக்கோட்டை ரோட்டுப் பக்கம் சோளக் கொல்லையில் நிற்கிறவர்கள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, பார்வையை அப்படியே மேற்கு மூலைக்குத் திருப்பி, கருக்கல் கட்டியிருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக் கொள்வார்கள். இரண்டு வேலையும் ஒரே அண்ணாந்த கழுத்தில் முடிந்து விடும்.

மதுரைத் தளமும் வளர்ந்து கொண்டிருக்கிறது. ஏழாயிரத்து ஐந்நூறு அடி ஓடுபாதையைப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு அடியாக நீட்ட வேண்டும் என்பது திட்டம். அதற்கு நிலம் வேண்டும். 2024 நவம்பரில் நிலையத்தை ஒட்டியுள்ள சின்ன உடைப்பு என்ற கிராமத்தார், தங்களுக்கு மாற்றுக் குடியிருப்பு தராமல் வீடுகளை எடுக்கக் கூடாது என்று திரண்டு நின்றார்கள். பத்திரிகைகளில் அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குச் சற்று நேரம் வேறு வேலை ஓடவில்லை. உடைப்பு என்பது கண்மாய்க் கரை உடைந்து வெள்ளம் புறப்படுவதற்கு இந்தச் சீமையில் வழங்கும் சொல். என்றைக்கோ ஒரு ஐப்பசியில் பெய்த மழையின் ஞாபகமாகவே அந்த ஊர் பெயர் வைத்துக் கொண்டிருக்கும் போலிருக்கிறது. எந்த வருஷத்து மழை, எந்தக் கண்மாய், கரையை அடைக்க எத்தனை பேர் மண் சுமந்தார்கள் என்று அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். வீடுகள் அங்கே இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும்.